வளர்த்ததும் அரசு, அப்பன் பேரைக் கேட்பதும் அரசு

"அக்கா, சாதின்னு போட்டிருக்கிற எடத்துல நான் என்னத்த எழுதறது?"

மாமல்லபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி கேட்ட கேள்வி இது. அவனுக்கு 18 வயது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஐந்து ரதம் போகிற வழியில் ஒரு சிற்பக்கூடத்தில் கல்லுக்கு மெருகு போடும் வேலை. ராத்திரியில் அங்கேயே படுக்கை. அதே ஊரில் 1957இல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறது. ஆதார் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் இல்லை.

அவன் நினைவில் இருப்பது ஒரு செங்கல் சூளை, அங்கே கல் அறுத்துக்கொண்டிருந்த அம்மா, பிறகு ஒரு ரயில் நிலையம். அவ்வளவுதான். தனியாக நின்ற அவனுக்கு ஆறு வயது இருக்கும் என்று கணித்து, குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். பன்னிரண்டு வருடம் அங்கே வளர்ந்தான். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இல்லங்களிலிருந்து வெளியேறும் இளைஞர்களைப் பற்றியதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வாளர் குறிப்பெடுக்க வேண்டும், தலையிடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு அவனோடு ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன்.

"அப்பாவோட சாதிச் சான்றிதழ் எடுத்துட்டு வா."

"அப்பா இல்லீங்க சார்."

"அப்ப இறப்புச் சான்றிதழ் கொண்டு வா."

"செத்துட்டாரான்னு தெரியாதுங்க."

எழுத்தர் தலை நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் இப்படி ஒரு மனிதனுக்கு இடமே இல்லை. பெற்றோர் இறந்ததற்கும் சான்று இல்லை, இருப்பதற்கும் சான்று இல்லை. பன்னிரண்டு வருடம் இவனுக்குச் சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, கையெழுத்துப் போட்ட அதே அரசு, பதினெட்டு முடிந்த மறுநாள் 'உன் அப்பன் யார்?' என்று கேட்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 'பின்னலப் பராமரிப்பு' என்று ஒன்று உண்டு. 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு 21 வயது முடியும்வரை தரவேண்டிய ஆதரவு அது. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் விசேஷக் காரணங்கள் இருந்தால் அதை 23 வயதுவரை நீட்டிக்கின்றன. பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே திட்டம் எழுதிக் குழுவிடம் சமர்ப்பிக்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கத் தற்காலிக வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, வேலைக்கான ஏற்பாடு எல்லாம் அதில் அடக்கம். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் ஒதுக்கீடும் இருக்கிறது.

காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் சட்டத்தின் 46ஆம் பிரிவைப் படியுங்கள். வெளியேறும் பிள்ளைக்கு நிதி உதவி 'வழங்கப்படலாம்' என்கிறது. 'வழங்கப்பட வேண்டும்' என்று இல்லை. அந்த ஒரு 'லாம்' போதும், கோப்பு மேசையிலேயே தூங்குவதற்கு. தம்பியிடம் கேட்டேன், "உனக்குப் பின்னலப் பராமரிப்புன்னு யாராவது சொன்னாங்களா?" "அது ஆஸ்பத்திரியில குடுக்கறதாக்கா?" என்றான்.

நிதி உதவி கிடைக்காதது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பிரச்சினை, மற்ற எல்லா உரிமைக்கும் குடும்பம்தான் வாசல் என்பது. முதல் பட்டதாரிச் சலுகை வேண்டுமா? குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்று காட்ட முதலில் ஒரு குடும்பம் வேண்டும். வருமானச் சான்றிதழா? யாருடைய வருமானம்? குடும்ப அட்டையா? பெயரிலேயே குடும்பம் இருக்கிறது. 2025 நவம்பரில் இங்கே தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், பழைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர், தாத்தா பாட்டி பெயரோ இருந்த விவரத்தைக் கேட்டார்கள். புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. நல்ல திட்டங்கள். ஆனால் கல்லூரிக்குள் கால் வைத்த பிறகுதான் அந்த ஆயிரம். கால் வைப்பதற்கே சான்றிதழ் கேட்கிறார்களே!

இப்போது சாதிக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் நம் தோழர்களிலேயே சிலர், "சாதி தெரியாமல் வளர்ந்தது நல்லதுதானே, அவனாவது சாதியற்றவனாக இருக்கட்டும்" என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. 2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கினார். பல ஆண்டு போராடி வாங்கினார், அதை நான் மதிக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று துறப்பதும், என்னவென்றே தெரியாமல் இழப்பதும் ஒன்றல்ல. சாதிச் சமூகத்தில் சாதி தெரியாத பையனை யாரும் சமமாக நடத்துவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் "எந்த ஊரு, யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்கிறார்கள். பதில் இல்லை என்றால் மிகக் கீழான ஒன்றைத்தான் ஊகிக்கிறார்கள். இழிவு முழுதாக அவன் தலையில் விழுகிறது. அதற்கு ஈடாக அரசியல் சட்டம் தந்த உரிமை மட்டும் அவனுக்கு இல்லை.

அரசுக்கே இந்தச் சிக்கல் தெரியும். அதனால்தான் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், சாதிப் பெயர்களுக்கு நடுவே, ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் ஓர் இடம் இருக்கிறது. 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க யாரும் இல்லாமல், அரசின் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர். ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடு. ஆனால் நம் தம்பிக்கு இது உதவவில்லை. பெற்றோர் இறந்ததை அவன் நிரூபிக்க முடியாது. அப்பா ஓடிப்போய் அம்மா சிறையிலோ மனநலக் காப்பகத்திலோ இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் உதவாது. பதினோராம் வயதில் அநாதையானவருக்கும் உதவாது.

இன்னொரு கோணமும் உண்டு. சூளையிலிருந்து வந்த பிள்ளை ஓர் இருளர் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால்? செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளில் அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் எத்தனை பேர் என்று இங்கே களத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்ட அளவில் விசாரித்துத் தர வேண்டும். அப்பா அம்மாவோடு இருக்கும் இருளர் பிள்ளைகளே அதற்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறார்கள். தனியாக நிற்கும் பிள்ளைக்கு அந்த விசாரணையை யார் கேட்டு வாங்குவது? விசாரிக்காமலே 'ஆதரவற்றவர்' என்று எழுதிவிட்டால், ஒரு பழங்குடிப் பிள்ளையின் உரிமை சத்தமில்லாமல் அழிந்துபோகிறது.

இந்தப் பிள்ளைகள் ஏன் இல்லத்துக்கு வருகிறார்கள் என்பதைச் செங்கல்பட்டில் நின்று கேட்க வேண்டும். 1891இல் இந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் இங்கிருந்த பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலங்களுக்கு வழி திறந்தது. அந்த நிலம் பிறகு யார் யார் கைக்கோ போனது. அதைக் கேட்டு எழுந்ததுதான் மாமல்லபுரத்தை அடுத்த காரணை மக்களின் போராட்டம். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். நிலம் இல்லாதவர்கள் சூளைக்குப் போனார்கள். சூளைக்குப் போன குடும்பம் கடனில் சிதறியது. சிதறிய குடும்பத்தின் பிள்ளை இல்லத்துக்கு வந்தது. இது விதி அல்ல, வரலாறு. நிலத்துக்குப் பட்டா கேட்ட அதே மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று தங்களுக்கே ஒரு சான்றிதழ் கேட்டு நிற்கிறார்கள்.

பொதுச்சமூகத்தின் கருணை எங்கே பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2021இல் கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. ஒன்றிய அரசு 10 லட்சம் அறிவித்தது. சரியான முடிவு. ஆனால் கொரோனாவில் செத்தால் லட்சங்கள், கொத்தடிமைத்தனத்தில் செத்தால் 'வழங்கப்படலாம்' என்றால் அது என்ன கணக்கு? 2025 செப்டம்பரில் வந்த அன்புக்கரங்கள் திட்டம் இதைவிட விரிவானது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய். அந்தத் தொகையும் 18 வயதோடு நின்றுவிடுகிறது.

இல்லத்துப் பிள்ளைகள் செத்தால்தான் செய்தியாகிறார்கள். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் இல்ல ஊழியர்கள் கைதானார்கள். அதன்பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. 2023இல் அறிக்கையும் கொடுத்தது. உள்ளே நடக்கும் வன்முறையைப் பற்றி அப்போது நாம் பேசினோம். கதவு திறந்து வெளியே விட்ட பிறகு நடப்பதைப் பற்றியும் பேச வேண்டும்.

மற்ற இடங்களில் வழி இருக்கிறது. மகாராட்டிர அரசு 2018இல் ஆதரவற்றோருக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 1 விழுக்காடு இட ஒதுக்கீடு கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கு 25 வயதுவரை ஒரு தனி ஆலோசகரைக் கேட்டுப் பெறும் உரிமை தருகிறது. அங்கே உள்ளாட்சி மன்றத்தைப் பெற்றோர் நிலையில் வைத்துப் பேசுகிறார்கள். எந்தப் பெற்றோரும் பதினெட்டாவது பிறந்தநாளன்று பையைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டுவதில்லை.

சமூகநீதி மாநிலம் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி அல்ல.

ஒன்று, 'லாம்' போக வேண்டும். வெளியேறும் ஒவ்வொருவருக்கும் பின்னலப் பராமரிப்பு உரிமை என்று மாநில விதியிலும் அரசாணையிலும் எழுத வேண்டும்.

இரண்டு, பிள்ளைக்கு 17 வயது முடிவதற்குள் ஆதார், வங்கிக் கணக்கு, பிறப்புச் சான்று, சாதிச் சான்று அனைத்தையும் காப்பாளர் என்ற முறையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகே விண்ணப்பித்து வாங்கித் தர வேண்டும். நிரூபிக்கும் சுமை பிள்ளையின் தலையில் இருக்கக் கூடாது.

மூன்று, பெற்றோர் யாரென்று தெரியாதவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் பொருந்தும்படி அந்தப் பத்து வயது நிபந்தனையைத் திருத்த வேண்டும். கொத்தடிமை மீட்பு போன்ற பின்னணி தெரிந்தால் பட்டியல் சாதியா, பழங்குடியா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

நான்கு, ஆண்டுதோறும் எத்தனை பேர் வெளியேறினார்கள், எத்தனை பேருக்கு உதவி போனது என்பதைச் சமூகப் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? உங்கள் ஊரில் இல்லம் இருந்தால் பிறந்தநாள் கேக் வெட்டப் போவதை நிறுத்திவிட்டு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். வெளியேறியவர்களைத் தெரிந்தால், அவர்களைப் பற்றிய குழந்தைகள் நலக் குழு ஆணையின் நகலையும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தின் நகலையும் எழுத்தில் கேட்டு வாங்க உதவுங்கள். அவை இரண்டும்தான் அவர்களின் வம்சாவளி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், சிறார் எல்லாருக்கும் வருமான வரம்பில்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட பத்து ரூபாய்தான்.

தம்பியின் கதை இன்னும் முடியவில்லை. கல்லூரியில் விண்ணப்பிக்கும் தேதி போய்விட்டது. குழு ஆணையின் நகல் மட்டும் கைக்கு வந்திருக்கிறது. அதை வைத்து மனு கொடுத்திருக்கிறோம். போன வாரம் பார்த்தபோது, மீந்த கல்லில் சின்னதாக ஒரு யானை செதுக்கி வைத்திருந்தான். "அடுத்த வருசம் கண்டிப்பாக் கெடச்சிடுமாக்கா?" என்று கேட்டான். கிடைக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்த 'லாம்' எனக்கும் தொற்றிக்கொண்டதோ என்று பயமாக இருந்தது.