ஆனைச்சுவடி

குற்றாலம் சென்று திரும்பிய நேயர் ஒருவர் ஓர் இலையைக் கடித உறைக்குள் வைத்து அனுப்பி, "இது ஆனைச்சுவடிதானா? வீட்டுத் தோட்டத்தில் வளருமா?" என்று வினவியிருக்கிறார். ஒற்றை இலையைக் கொண்டு செடியை நிர்ணயிப்பது, ஒற்றைச் செருப்பைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது போலத்தான். ஆயினும் கேள்வி நல்ல கேள்வி.

ஸூரியகாந்தி, சாமந்தி, டாலியா, ஜினியா ஆகிய தோட்டத்துச் சீமாட்டிகள் யாவரும் ஆனைச்சுவடிக்கு உறவினர்களே. மெக்ஸிகோவில் பிறந்த டாலியாவுக்கும் ஜினியாவுக்கும் தொட்டியும் எருவும் கொடுத்து உபசரிக்கிறோம். மேற்கு மலைக் காட்டு நிழலில் வளரும் இந்த ஏழை உறவினனையோ மிதித்துக்கொண்டு நடக்கிறோம்!

முதலில் தரையைப் பாருங்கள். நீண்டு, நுனிப்பக்கம் அகன்ற இலைகள், வட்டமாக மண்ணோடு மண்ணாகப் படிந்திருக்கும். யானை காலெடுத்து வைத்த இடம் போல் தோன்றுவதால்தான் இந்தப் பெயர். விளிம்பில் மழுங்கிய பற்கள் உண்டு, தடவினால் சொரசொரக்கும். நடுவிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்துக்கு விறைப்பான தண்டு எழுந்து, இரண்டிரண்டாகக் கவர்விட்டுச் செல்லும். அதில் இலை மிகக் குறைவு. ஒவ்வொரு கிளை நுனியிலும் இதய வடிவமான மூன்று பச்சைச் சிற்றிலைகள் கிண்ணம் போல் அமைந்து, அவற்றின் நடுவே ஊதா நிறப் பூக்கொத்து இருக்குமானால், பிறகு சந்தேகமே வேண்டாம். ஒரு பூவென்று நாம் நினைப்பது பல சிறு தலைகளின் கூட்டம். ஒவ்வொரு தலையிலும் நான்கு பூக்கள். சாமந்திக்குள்ளதுபோன்ற சுற்றிதழ்களை இதில் தேட வேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரவிய இதன் இனத்தான் ஒருவன் உண்டு. அவனுக்குத் தண்டு நெடுகிலும் இலைகள் இருக்கும்; அதுதான் வித்தியாசம்.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்னும் பெருநூலில், இச்செடி மலையாளப் பெயராலேயே இடம்பெற்றது. 1753-ல் லின்னேயஸ் வழங்கிய எலிபன்டோபஸ் ஸ்கேபர் என்ற சாஸ்திரப் பெயருக்கும் சொரசொரப்பான யானைக்கால் என்றே பொருள்.

நாட்டு வைத்தியத்தில் இதன் வேரும் இலையும் சுரத்துக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் வழங்கி வந்திருக்கின்றன. சில இடங்களில் பாம்புக் கடிக்கும் கொடுப்பார்களாம். இவ்விஷயத்தில் நாம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: பாம்பு கடித்தவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசி. பச்சிலை தேடும் ஒவ்வொரு நிமிஷமும் உயிரிலிருந்து கழிகிறது. மற்ற நோய்களுக்கும் தேர்ந்த வைத்தியரைக் கேளாமல் வாயில் வைக்கலாகாது.

வேருக்காகச் செடியைப் பிடுங்கினால் செடியே போய்விடுகிறது. 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி ரிஸர்வ் காட்டில் அனுமதியின்றிப் பறிப்பது குற்றமுங்கூட. ஆகவே, வளர்த்திருப்பவரிடம் விதை வாங்குங்கள். அல்லது மழைக்காலத் தொடக்கத்தில் அவருடைய பழைய செடியின் கிழங்கைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கிழங்கு வழிதான் சுலபம்.

விதையாயின், பூந்தலை பழுப்பேறிக் காய்ந்ததும் உதிர்த்து, நாட்படாமல் விதைக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய இலையெரு மூன்றையும் சமமாகக் கலந்து சலித்து, மேலே தூவி, விதை மறையுமளவுக்கு மட்டும் மண் போட்டால் போதும். பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். நாலைந்து இலை விட்டபின் மாமரத்தடி போன்ற அரை நிழலில் ஓரடிக்கு ஒன்றாக நடலாம். நீர் தேங்கினால் தரையோடு ஒட்டிய குருத்து அழுகிவிடும். நடுக்குருத்தை மண்ணில் புதைப்பதும் தவறு. விதையின் முனையிலுள்ள விறைத்த மயிர்கள் வேட்டியிலும் புடவையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் பயணமாகும். அண்டை வீட்டாருடன் சிநேகம் நீடிக்க வேண்டுமானால், வேண்டிய விதையை எடுத்துக்கொண்டு மீதித் தலைகளைக் காயுமுன்னே கத்தரித்துவிடுங்கள்.