கேமராவுக்கும் முத்திரை வேண்டும்



மின்னணுத் தராசை ஆண்டுக்கொருமுறை முத்திரை ஆய்வாளரிடம் கொண்டுபோய் வைக்கிறோம். முணுமுணுத்துக்கொண்டுதான் போகிறோம் என்றாலும், அந்த முத்திரை இருப்பதால்தான் வாடிக்கையாளர் நம்பிப் பையை நீட்டுகிறார். அதே கல்லாவுக்கு மேலே கேமரா தொங்குகிறது. செல்போனில் கடையைப் பார்க்க வேண்டும் என்று அதற்கு இன்டர்நெட் இணைப்பும் கொடுத்திருக்கிறோம். அதை யார் சோதிக்கிறார்கள்?

ஒருவர் சோதிக்கிறார். திருடர்.

2016-இல் அமெரிக்காவில் மூன்று இளைஞர்கள் மிராய் என்றொரு புரோகிராம் எழுதினார்கள். அது இன்டர்நெட் முகவரிகளை இரவு பகலாகத் தட்டிக்கொண்டே போகும். கேமராவோ, ரிக்கார்டரோ, வைஃபை பெட்டியோ பதில் கொடுத்தால், கைவசமுள்ள அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்க்கும். எல்லாம் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய 'அட்மின்', '1234' ரகம்தான். திறந்துவிட்டால் உள்ளே உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து அடுத்த கதவைத் தட்டும். உச்சத்தில் சுமார் 6 லட்சம் சாதனங்கள் அதன் பிடியில் இருந்தன. அதன் சூத்திரம் வெளியே விடப்பட்டதும் வேறு ஆட்களும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, இணையதளங்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தை இப்படிப் பிடிபட்ட சாதனங்களைக் கொண்டு முடக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலியவை பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே தெரியாது. படம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

ட்விட்டர் நின்றால் பருப்பு மண்டிக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கேமராவுக்குள் நுழைந்தவர் கடை எப்போது பூட்டப்படுகிறது, கல்லாவை யார் எண்ணுகிறார், பணம் எந்த அலமாரிக்குப் போகிறது என்பதையெல்லாம் நம்மைப் போலவே பார்க்கலாம். அதே வைஃபையில் பில் போடும் கம்ப்யூட்டரும் இருந்தால், கொள்முதல் கணக்கும் கடன் பாக்கியும் அடுத்த அறையில் இருப்பது போலத்தான்.

திருடர் செய்வதை நேர்மையானவர் முந்திக்கொண்டு செய்வதற்குத்தான் தானியங்கிப் பாதுகாப்புச் சோதனை என்று பெயர். தெரிந்த பாஸ்வேர்டுகள் செல்லுபடியாகின்றனவா, தேவையில்லாத வாசல் ஏதும் திறந்திருக்கிறதா, உள்ளே ஓடும் மென்பொருள் ஓட்டை உள்ளதென்று தெரிந்த பழைய பதிப்பா என்று ஒரு கம்ப்யூட்டரே வரிசையாகப் பார்த்துப் பட்டியல் கொடுத்துவிடும். இன்னொரு வகைச் சோதனையும் உண்டு. தாறுமாறான தகவல்களை ஆயிரக்கணக்கில் அனுப்பி, சாதனம் எங்கே திணறுகிறது என்று பார்ப்பார்கள். மூட்டையில் குத்தூசி போட்டு அரிசி பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து இடத்துக்குப் பதில் பத்தாயிரம் இடத்தில் குத்துகிறார்கள்.

ஜப்பானில் அரசே இதைச் செய்தது. பிறர் சாதனத்தில் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பது குற்றம் என்பதால், 2018-இல் சட்டத்தையே திருத்தினார்கள். 2019 பிப்ரவரி முதல் அரசின் ஆராய்ச்சி நிறுவனம் நாட்டிலுள்ள சாதனங்களைத் தட்டிப் பார்த்து, எளிதில் திறந்துகொண்டவற்றின் சொந்தக்காரர்களுக்கு இணைப்பு கொடுத்த நிறுவனங்கள் மூலம் தகவல் சொல்லியது. அரசாங்கம் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதா என்று அங்கே எதிர்ப்பும் எழுந்தது. அந்த எதிர்ப்பிலும் நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் 9 முதல், தயாராகும், இறக்குமதியாகும் சிசிடிவி கேமரா மாடல்களை அரசு ஏற்ற ஆய்வகத்தில் சோதித்தே விற்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. விலை கூடும் என்பார்கள். கூடினாலும் இதை வரவேற்கிறோம். ஆனால் ஏற்கெனவே மாட்டிவிட்ட கேமராவின் கதி? நம் பகுதியில் கேமரா மாட்டித் தரும் ஒருவரிடம் பாஸ்வேர்டு என்னவென்று கேட்டால், "எல்லாக் கடைக்கும் ஒண்ணுதான் அண்ணாச்சி, ஞாபகம் வச்சுக்கச் சுலபம்" என்கிறார். ஒரே சாவியில் திறக்கும் பூட்டைத் தெரு முழுக்க விற்றவரை நாம் சும்மா விடுவோமா?

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. முத்திரை முகாம் நடக்கும் அதே நாட்களில், தகுதியான ஒரு நிறுவனத்தை அமர்த்தி, விரும்பும் உறுப்பினர்களின் கேமராவையும் ரிக்கார்டரையும் வைஃபை பெட்டியையும் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். கடைக்காரரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் எதையும் தொடக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அதுவும் சட்டமீறலே. முடிவை அந்தக் கடைக்காரரிடம் மட்டுமே தர வேண்டும். எந்தக் கடையில் ஓட்டை என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டால் அடுத்த ஆண்டு ஒருவரும் வரமாட்டார்கள். கட்டணத்தைச் சங்கம் பாதி, உறுப்பினர் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பேசுபொருளாக வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, மாட்டியவரைக் கூப்பிட்டு, நம் கண் முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொல்வதற்குக் காசு ஒன்றும் ஆகாது.