நோயாளி மட்டும் விட வேண்டிய பானமா இது?



உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமாகும் ஒருவருக்கு மருத்துவர்கள் முதலில் விதிக்கும் நிபந்தனைகளுள் ஒன்று, வாயு அடைத்த குளிர்பானங்களை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதாகும். கோலா, ஆரஞ்சு, பன்னீர் சோடா, பெட்டிக்கடைக் கலர் என்று எதற்கும் விலக்கில்லை. கோவை மருத்துவமனைகளுக்குச் சென்று இந்த அறிவுரையோடு திரும்பும் சகோதர சகோதரிகள் திருப்பூர் மஹல்லாக்களில் இன்று இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் செய்யும் உதவி என்ன? வலீமாப் பந்தியில் பிரியாணித் தட்டுக்கு அருகே அதே பாட்டிலை வைத்து, "ஒரு நாள் குடித்தால் என்ன ஆகிவிடும் பாய்?" என்று வற்புறுத்துகிறோம். மறுத்தால் விருந்தளிப்பவரின் மனம் நோகும் என்று அச்சுறுத்துகிறோம். நோயுற்றவரைக் குறைகூற இதை எழுதவில்லை. பாட்டிலை நீட்டும் கைகளைக் கண்டித்தே எழுதுகிறேன்.

மருத்துவர் ஏன் இவ்வளவு கண்டிப்புக் காட்டுகிறார்? இச்சிகிச்சையில் பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகளிட்டு, அவற்றின் வழியே கருவிகளைச் செலுத்துவர். ஒரு முறையில் இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீக்கப்படுகிறது. மற்றொரு முறையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேரே இணைப்பர். இரைப்பையின் மேல் கவிந்திருப்பது கல்லீரலின் இடப்பகுதி. பருமன் மிகுந்தவர்களுக்கு அதில் கொழுப்புச் சேர்ந்து பெருத்திருக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அறுவை செய்தாக வேண்டும். பெருத்த கல்லீரல் வழியை மறைக்கும். எளிதில் காயப்பட்டுக் குருதி கசியும். ஆகவேதான் சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைந்த உணவை மட்டும் அனுமதித்துக் கல்லீரலைச் சுருங்கச் செய்கிறார்கள். குளிர்பானத்திலுள்ள சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி ஃபிரக்டோஸ். அதைக் கையாளும் சுமை பெரிதும் கல்லீரலின் மீதே விழுகிறது; எஞ்சியது கொழுப்பாக மாறுகிறது. ஆக, அந்த நாள்களில் நாம் ஊற்றிக் கொடுக்கும் ஒரு குவளை, மருத்துவர் செய்துவரும் வேலைக்கு நேர் எதிரானது.

சிகிச்சைக்குப் பின்னும் தொல்லை உண்டு. சுருங்கிய இரைப்பையில் வாயு நிறைந்தால் வலியும் உப்புசமும் ஏற்படும். குடலை இணைத்தவர்களுக்குச் சர்க்கரை நீர் விரைந்து சிறுகுடலில் இறங்கி வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு எனப் படுத்தும். 'சர்க்கரை அற்றது' என்று அச்சிட்ட பாட்டிலிலும் வாயு இருக்கத்தான் செய்கிறது. கோலாவில் கஃபைன் இருப்பதால், நாள்தோறும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் சில நாள்கள் தலைவலி வரும். ஆதலால் பல வாரங்களுக்கு முன்பே படிப்படியாகக் குறைப்பது நலம். இதற்கு வீட்டாரின் துணை வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு லிட்டர் பாட்டிலை வைத்துக்கொண்டு, அதைத் திறக்காதே என்று அத்தாவுக்கு மட்டும் சொல்வது துணையாகாது.

இவ்விடத்தில் மார்க்கச் சட்டம் ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அழகு சார்ந்த அறுவை சிகிச்சைகளைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியபோது எடைக் குறைப்பைப் பற்றியும் கூறியது. எடை நோயாகிவிட்ட நிலை, அறுவையன்றி வேறு வழியில்லாமை, தீங்கு நேராது என்ற பாதுகாப்பு ஆகிய நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. இச்சிகிச்சையை 'அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் செயல்' என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவோர் இதை அறிந்துகொள்ள வேண்டும். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும் அவர்கள் மறந்துவிட்டனர்.

ஆயினும் 'வேறு வழியில்லாமை' என்ற சொல்லில் நாம் சற்று நிற்க வேண்டும். கடும் பருமனும் நீரிழிவும் சேர்ந்து வாட்டும் ஒருவர், குளிர்பானத்தை விட்டதால் மட்டும் குணமாகிவிட மாட்டார். அப்படிச் சொல்வது அவருக்கு இழைக்கும் அநீதி. அவருக்கு அறுவையே வழி என மருத்துவர் முடிவு செய்தால் அதுவே வழி. ஆனால், அவருக்கு அடைபட்டுவிட்ட அந்த வேறு வழி, அவருடைய பத்து வயது மகனுக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. அதையும் அடைக்கும் பணியைத்தான் நம் பந்திகளும் பெருநாள் விருந்துகளும் செய்துகொண்டிருக்கின்றன.

இது மிகையன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. வழக்கமான கோலா 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்டது. 250 மில்லி பாட்டில் ஒன்றிலேயே ஒரு நாளின் அளவு தீர்ந்துவிடுகிறது.

"ஹலால்தானே ஹஜ்ரத்?" என்று கேட்பார்கள். ஹராம் என்று ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. அது என் நோக்கமும் அன்று. ஆனால் ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது நல்லது, தூயது என்பதையும் இணைத்தே குர்ஆன் கூறுகிறது. உண்பதிலும் பருகுவதிலும் வீண்விரயம் கூடாதென்று அல்அஃராஃப் அத்தியாயம் தடுக்கிறது. வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு பானத்துக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் வகுத்துக் காட்டியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. மூச்சுக்குரிய பங்கையும் சோடா வாயுவால் நிரப்பி, ஏப்பம் வந்தால் 'ஜீரணமாகிவிட்டது' என்று நிறைவடைகிறோம். ஏப்பமாக வெளியேறுவது பாட்டிலில் அடைத்த வாயுவேயன்றி வேறில்லை. பிரியாணி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நம் சமுதாயத்தால் பாட்டிலை விட இயலாது என்று எவரும் சொல்ல வேண்டாம். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது நம்மவர் கடைகளும் அவற்றை இறக்கி வைத்தன. ஃபலஸ்தீன மக்களுக்காக மீண்டும் நம் வீடுகளும் விருந்துகளும் அவற்றைப் புறக்கணித்தன. பாராட்டத்தக்க உணர்வு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காலியான இடத்தில் என்ன வந்து அமர்ந்தது? பொவண்டோவும் வேறு உள்ளூர்க் கலர்களும். 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனம் நம் மண்ணின் நிறுவனம் என்பது உண்மைதான். எனினும் சர்க்கரை எந்த ஊரிலிருந்து வந்தது என்று கணையம் விசாரிப்பதில்லை. கொள்கைக்காக நாவை அடக்கத் தெரிந்தவர்கள், பெற்றெடுத்த பிள்ளையின் உடல் என்னும் அமானிதத்துக்காக அடக்க மாட்டோமா?

பனியன் நகரத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு உடல் அசைவு குறைவு. ஏற்றுமதிக் கெடு நெருங்கும்போது, இரவிலும் வேலை வாங்கும் முதலாளி பரோட்டாவையும் குளிர்பானத்தையும் வரவழைத்து அதை உபசரிப்பு என்று கருதுகிறார். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், வாரமெல்லாம் பாராத பிள்ளைக்கு அத்தா வாங்கிச் செல்வதும் அதே பாட்டில். அந்த அன்பை நான் பழிக்கவில்லை. ஆனால் அதே பணத்துக்குக் கொய்யாவும் வாழைப்பழமும் வழியிலேயே கிடைக்கின்றன. (நோன்பு காலத்துச் சர்பத்தையும் ரோஸ் மில்க்கையும் 'நம்முடையவை' என்று தப்பவிட வேண்டாம். அவற்றிலும் அதே சர்க்கரைதான்.)

வளைகுடாவில் உழைத்து வந்தோர் ஒன்றைக் கண்டிருப்பர். சவூதி அரசு 2017 ஜூன் முதல் குளிர்பானங்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தது. நம் நாட்டிலும் அதே ஆண்டு வந்த ஜி.எஸ்.டி. முதற்கொண்டு, இவற்றின் மீது மொத்தம் 40 விழுக்காடு வரிச்சுமை இருக்கிறது. அரசுகள் செய்வதைச் செய்யட்டும். ஜமாஅத்தின் கையில் அதைவிட எளிய கருவி ஒன்று உண்டு.

மேளதாளமும் வாணவேடிக்கையும் கூடாது என்று நிபந்தனை விதித்த பின்னரே நிகாஹ் பதிவேட்டைத் திறக்கும் ஜமாஅத்துகள் நம்மிடையே உள்ளன. அந்த நிபந்தனைகளோடு இன்னும் ஒரு வரி சேரட்டும்: வலீமாப் பந்தியில் குளிர்பானம் வைக்கப்படாது, தண்ணீரும் உப்பிட்ட மோரும் வைக்கப்படும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே இதைச் சொல்லிவிட்டால், சமையல்காரரின் பட்டியலில் அந்தப் பெட்டிகள் ஏறா. அடுத்த மாதம் கோவையில் அறுவைக்குச் செல்லவிருக்கும் சகோதரர், அந்தப் பந்தியில் எவருக்கும் விளக்கம் சொல்லாமல் அமர்ந்து உண்டு எழுவார்.