கல்லூரிக்குப் போகும் பிள்ளை: பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

கீழவாஞ்சூர், காரைக்கால் பகுதியில் உள்ள கடலோரக் கிராமம். 2009-ம் ஆண்டு காரைக்கால் துறைமுகம் திறக்கப்பட்டது இங்கேதான்.

தெற்கே நாகூர். கூப்பிடு தூரம்தான். ஆனால், கீழவாஞ்சூர் புதுவை ஆட்சிக்கு உட்பட்டது, நாகூர் தமிழ்நாடு! 1954 வரை இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்தது. அன்று போட்ட எல்லைக்கோடு இன்றும் இருக்கிறது.

கடைக்குப் போகும்போது அந்தக் கோடு யாருக்கும் தெரிவதில்லை. பிள்ளை கல்லூரிக்கு மனுப் போடும்போது தெரிகிறது!

எந்தப் பள்ளி?

காரைக்காலில் தேசிய தொழில்நுட்பக் கழகம் 2010-ல் தொடங்கப்பட்டது. அங்கே பாதி இடங்கள் சொந்த மாநில ஒதுக்கீடு. சொந்த மாநிலம் எது? வீடு இருக்கும் இடம் அல்ல. 12-ம் வகுப்பு தேறிய பள்ளி இருக்கும் மாநிலமே! கீழவாஞ்சூர்ப் பையன் நாகூரில் 12-ம் வகுப்பு படித்துத் தேறினால், அந்த ஒதுக்கீட்டில் அவன் தமிழ்நாட்டு மாணவன்.

தமிழ்நாட்டில் 2022-ல் புதுமைப்பெண் திட்டம் வந்தது. கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக வந்த திட்டம். காரைக்கால் பள்ளியில் படித்த பெண், நாகப்பட்டினம் கல்லூரியில் சேர்ந்தாலும் அதில் சேர முடியாது.

புதுவை அரசு 2023-ல், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு டாக்டர் படிப்பில் 10 சதவீத இடம் ஒதுக்கியது. இதிலும் படித்த பள்ளியே கணக்கு.

ஆகவே, கல்லூரியைப் பற்றிய யோசனை 12-ம் வகுப்பு முடிந்த பிறகு அல்ல. 11-ம் வகுப்பில் சேர்க்கும் முன்பே தொடங்க வேண்டும்.

காகிதமும் பணமும்

புதுவையில் தொழிற்கல்வி இடங்களுக்கு 'சென்டாக்' மூலம் மனுப் போட வேண்டும். குடியிருப்புச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடினால் இடம் கை நழுவிப் போகலாம்.

அசல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரி சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைக்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் இப்படி உத்தரவிட்டது.

பணம் போதவில்லையா? வட்டிக்கடைக்குப் போகும் முன் பாங்கிக்குப் போக வேண்டும். பாங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு தேவை இல்லை. படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால், பணம் வாங்கிய நாள் முதல் வட்டி ஏறும். இதைப் பிள்ளைக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

கேலி வதை

1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங் கொடுமையில் கொல்லப்பட்டார். நாடே பதறியது. 1997-ல் தமிழ்நாடு தடைச் சட்டம் கொண்டு வந்தது. 2009-ல் நாடு முழுவதும் உள்ள கல்லூரிகளுக்கு விதிகள் வந்தன. புகார் சொல்ல 1800-180-5522 என்ற எண் உண்டு, கட்டணம் இல்லை. 'பல்லைக் கடித்துக்கொண்டு இரு' என்று பிள்ளைக்குச் சொல்லக் கூடாது.

மனம்தான் முக்கியம்

2022-ம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவ மாணவிகள் தற்கொலை செய்துகொண்டதாக அரசுக் கணக்கு கூறுகிறது. நெஞ்சை உலுக்கும் கணக்கு!

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பாரம் அதிகம். பாடம் புதிது, இங்கிலீஷ் புதிது, விடுதி புதிது. முதல் பரீட்சையில் ஒரு பாடம் தவறலாம். மீண்டும் எழுதித் தேறலாம்.

'உனக்காக நகையை விற்றேன்' என்று தாய் தினமும் சொன்னால், தோற்ற செய்தியை மகள் மறைப்பாள். டெலிபோனில் முதல் கேள்வி 'மார்க் எவ்வளவு?' என்று இருக்கக் கூடாது. 'சாப்பிட்டாயா? தூங்கினாயா?' என்று இருக்க வேண்டும்.

பிள்ளை பேச்சைக் குறைத்தால், சாப்பாட்டை வெறுத்தால், பெற்றோர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய சேவை அது. தமிழிலும் பேசலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இவற்றைச் செய்யலாம். பாடம் சொல்லிக் கொடுக்க வாத்தியார் இருக்கிறார். 'தோற்றாலும் வீட்டுக்கு வா' என்று சொல்லப் பெற்றோரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?