இரும்பா, வரலாறா?

பழைய பந்தயக் கார்களைச் சேர்க்கும் சீமான்களிடையே ஒரு வேதவாக்கு உலவுகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த இரும்பு அப்படியே இருந்தால்தான் அது அசல், இல்லையேல் போலி! கேட்பதற்குக் கண்டிப்பான நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயமில்லை.

'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பெண்ட்லி காரைப் பாருங்கள். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-லும் 1930-லும் வென்ற வண்டி அது. முதல் வருஷம் பர்னாட்டோவும் பிர்க்கினும் ஓட்டினார்கள். அடுத்த வருஷம் பர்னாட்டோவும் கிட்ஸ்டனும். 1932-ல் அதில் எட்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தி, இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். வண்டி சரிவான வளைவின் விளிம்பைத் தாண்டிப் பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ மாண்டார். நொறுங்கிய வண்டியை மறுபடி கட்டினார்கள். உடல் மாறிற்று, உடையவர்களும் மாறினார்கள்.

1990-ல் அதற்கு ஒரு கோடி பவுன் விலை பேசினார்கள். பேசிய கம்பெனி பிறகு பின்வாங்கியது. 'இது அந்த வண்டியே அல்ல' என்றும் லண்டன் நீதிமன்றத்தில் வாதாடியது. 1929-ல் ஓடிய பாகங்களில் எஞ்சியவை மிகச் சொற்பம் என்பது உண்மைதான். ஆயினும் நீதிபதி ஆட்டன் வண்டியின் பக்கமே தீர்ப்பளித்தார். அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு பெண்ட்லியும் இல்லை என்றார்.

சரியான தீர்ப்பு! பால்பல் விழுந்து, தலை நரைத்து, முழங்கால் மாற்றிக்கொண்டவரைப் பார்த்து, 'நீர் அந்தப் பிள்ளை அல்ல' என்று யாராவது சொல்வார்களா?

'அப்படியானால் எவனும் பழைய பெயர்ப்பலகையைப் புது வண்டியில் ஆணி அடித்து விற்கலாமே?' என்று கேட்பீர்கள். முடியாது. போலிக்கு இடையில் ஒரு பாழ்வெளி இருக்கும். அதைப் பொய்யால்தான் நிரப்ப வேண்டும். அசலுக்கோ, யார் கையில் இருந்தது, எது எப்போது மாறிற்று என்று சொல்லக் கணக்கு உண்டு. பழுது பார்த்ததை மறைப்பதுதான் மோசடி. பழுது பார்த்தது மோசடியல்ல.

ஒன்று மட்டும் சொல்வேன். வரலாற்றுக்கு விலை வைப்பவர்கள் முழு வரலாற்றையும் சொல்லட்டும். இரண்டு வெற்றிகளை முன்வாசலில் மாட்டிவிட்டு, புரூக்லண்ட்ஸ் மரணத்தைக் கொல்லைப்புறத்தில் ஒளித்தால், இரும்பு அத்தனையும் அசலாக இருந்தாலும் வண்டி போலிதான்.