குழந்தையின் சாட்சியும் மேல்முறையீட்டு உரிமையும்

ஒரு குழந்தையின் சாட்சியத்தை நம்பி வழங்கப்பட்ட தண்டனை மேல்முறையீட்டுக்குச் செல்லும்போது, நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. 'குழந்தை பொய் சொல்லுமா?' என்கிறது ஒன்று. 'சொல்லிக்கொடுத்ததைத்தானே சொல்லும்' என்கிறது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. எந்த ஒன்றையும் மட்டும் நம்பித் தீர்ப்புக்கு வந்துவிட முடியாது.

நம் சாட்சியச் சட்டம் வயதைக் காட்டி எந்தக் குழந்தையையும் ஒதுக்குவதில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமாகப் பதில் சொல்ல முடிந்தால் போதும். துணைச் சான்று கட்டாயமில்லை. ஆனால் அது தேவையா என்ற எச்சரிக்கை நீதிபதியின் மனத்தில் இருக்க வேண்டும் என்று 1951-ல் ராமேஷ்வர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அண்மைக்காலத் தீர்ப்புகள் இரண்டு இந்தச் சமநிலையைக் காட்டுகின்றன. 2023-ல் ஹரியாணா கொலை வழக்கு ஒன்றில், சிறுவனைச் சாட்சியாக ஏற்குமுன் விசாரணை நீதிமன்றம் கேட்ட முதற்கட்டக் கேள்விகள் போதவில்லை எனக் கண்ட உச்ச நீதிமன்றம், தண்டனையை ரத்து செய்தது. 2025-ல் மத்தியப் பிரதேச வழக்கில், ஏழு வயதில் தாயின் கொலையைக் கண்ட சிறுமியின் சாட்சியத்தை ஏற்று, உயர் நீதிமன்றம் விடுவித்தவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் மீட்டது. முடிவுகள் எதிரெதிரானவை, சாட்சியத்தை நுணுகி ஆராய்ந்த முறை ஒன்றே.

ஆகவே, மேல்முறையீட்டைக் குழந்தைக்கு இழைக்கும் அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை. சிறையில் இருப்பவர் குற்றம் செய்யாமலே தண்டிக்கப்பட்டிருந்தால் அவருக்குள்ள வழி அதுதான். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து முறையிடும் உரிமை பாதிக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. அதேவேளை, மேல்முறையீட்டின் பெயரால் குழந்தையை மீண்டும் கூண்டேற்றுவதும் நியாயமாகாது. குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சி சொல்ல அழைக்கக் கூடாது என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம்.

மேல்முறையீட்டு நீதிபதி பொதுவாகக் குழந்தையை நேரில் காண்பதில்லை. பதிவான ஏடுகளையே படிக்கிறார். எனவே இரு தரப்பின் நலனும் முதல் பதிவில்தான் அடங்கியிருக்கிறது. காவல்துறை தாமதமின்றி, குழந்தையின் சொற்களிலேயே வாக்குமூலத்தை எழுத வேண்டும். இயன்றவரை ஒலி-ஒளிப் பதிவும் செய்ய வேண்டும். நீதிபதி தாம் கேட்ட முதற்கட்டக் கேள்விகளையும் பதில்களையும் முழுமையாகக் குறிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உறுதியோடு வாதாடலாம். குழந்தையை மிரட்டத் தேவையில்லை. வசதியற்ற மேல்முறையீட்டாளருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு திறமையான வழக்கறிஞரைத் தர வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. பெற்றோரும் உறவினரும் குழந்தை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கலாம். பதிலைப் புகுத்தும் கேள்விகளைத் தவிர்க்கலாம். ஊடகங்களும் சமூக வலைத்தளங்களில் எழுதுவோரும் குழந்தையின் அடையாளத்தைக் காக்கலாம். தீர்ப்பு வருமுன் யாரையும் குற்றவாளியாக்காமல் இருக்கலாம்.

குழந்தையைக் காப்பதும் நிரபராதியைக் காப்பதும் ஒரே நீதியின் கடமைகள். முதல் வாக்குமூலத்தில் நாம் அனைவரும் காட்டும் கவனம், கடைசித் தீர்ப்பின் மீது இரு தரப்பும் நம்பிக்கை வைக்க வழிசெய்யும்.