ஒரு பிடி மண் போதுமா?

1966 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில், வேவ் ஹில் மாட்டுப் பண்ணையிலிருந்து குரிண்ட்ஜி பழங்குடி மக்கள் சுமார் 200 பேர் வெளிநடப்பு செய்தார்கள். தலைமை வின்சென்ட் லிங்கியாரி. பண்ணை பிரிட்டனின் வெஸ்டி குடும்பத்துக்குச் சொந்தம். மாடு மேய்த்தது இவர்கள். கிடைத்ததோ மாவும் இறைச்சியும் சொற்பக் காசும்தான். கூலிப் போராட்டமாகத் தொடங்கியது, நில உரிமைப் போராட்டமாக வளர்ந்தது.

ஒன்பது வருடம் கழித்து, 1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் விட்லம் ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையில் இட்டார். அப்போது கிடைத்தது குத்தகை உரிமை மட்டுமே. நிலையான முழு உரிமை 1986இல்தான் வந்தது.

"நிலத்தைக் கொடுத்தாயிற்று, லாபம் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நிலம் மட்டும் இருந்தால் பண்ணை ஆகிவிடுமா? ஆழ்துளைக் கிணறு, வேலி, வண்டி, மாடு எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். விற்க முடியாத நிலத்தை அடமானமாக ஏற்று எந்த வங்கி கடன் கொடுக்கும்? விற்க முடியாமல் இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் மறுபடியும் கைமாறிப் போகும். ஆகவே முதலுக்கு அரசுதான் கைகொடுக்க வேண்டும்.

வெளியிலிருந்து மேலாளரை வைப்பதிலும் தவறில்லை. ஆனால் அவர் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கையும் சந்தையையும் கற்றுக்கொடுத்துவிட்டு விலக வேண்டும். மாட்டைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.